செல்விக்கு: கோழிகளைப் பற்றியும் ஆறு முட்டைகளைப் பற்றியும்

செல்வி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "சிக்னல் சரியில்லம்மா, அப்பால பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்த்த மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு சிக்னல் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? நீயும் நம்பவில்லை. ஆனாலும் நம்பியவள் மாதிரி "சரி நைனா" என்றாய். நான் சொல்கிற பொய்களை நீ எப்போதுமே இப்படித்தான் மறுபேச்சில்லாமல் வாங்கி வைத்துக்கொள்கிறாய். இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். கண்டக்டர் வேலையில் முப்பத்திரண்டு வருடம் டிக்கெட் கிழித்த கை இது. இவ்வளவு நீளமாக எழுதிப் பழக்கமில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டது சின்ன விஷயம்தான். பாலவாக்கத்தில் குடிபோயிருக்கிற வீட்டின் பின்பக்கம் மண்தரை இருக்கிறது, நாலைந்து கோழி வளர்க்கலாம் என்று ஆசை. "நைனா, மூணு கண்டிஷன். நல்லா முட்டை வெக்கணும், யாழினிய கொத்தக் கூடாது, பாக்க அழகா இருக்கணும். உனக்குத்தான் கோழி பத்தித் தெரியுமே, எது வாங்கலாம் சொல்லு" என்றாய். அதற்குள் பின்னாலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "மாமா, எந்தக் கோழியா இருந்தா இன்னா, உங்க பொண்ணு டீத்தூள வெச்சே நாட்டு முட்டை ஆக்கிடுவா!" எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் யாழினி கேட்டாள், "அம்மா, நீ மாமியை ஏமாத்தினியாம்மா?" ஐந்து வயதுக் குழந்தை, சிரிக்காமல் கேட்டது. நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாடி, அம்மாதான்" என்றாய். அந்த இடத்தில்தான் சிக்னல் இல்லை என்று போனை வைத்தேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மாமியை ஏமாற்றியவன் நான். முட்டைக்குச் சாயம் போட்டவன் நான். போன ஞாயிறு வரை இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும், போய்ச்சேர்ந்த உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மற்ற எல்லாருக்கும் நீதான் அந்த டீத்தூள் திருடி. பதினேழு வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. இப்போது உன் மகளும் அப்படியே நம்பி வளரப் போகிறாள்.

முதலில் கோழியைச் சொல்லிவிடுகிறேன். கஷ்டமான பேச்சைத் தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு, உனக்கே தெரியும். நீ சொன்ன மூன்று கண்டிஷனும் ஒரே கோழியிடம் கிடைப்பது கஷ்டம். முட்டைக்கடையில் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும் வெள்ளை முட்டை லெகார்ன் கோழியுடையது. அதற்கு மிஞ்சி முட்டை வைக்கிற கோழி கிடையாது, ஆனால் சுபாவம் படபடப்பு. கரண்டி கீழே விழுந்தால்கூடப் பயந்து மதிலைத் தாண்டிவிடும், தாண்டினால் உங்கள் பக்கம் ஈ.சி.ஆர். ரோட்டு வண்டிகள். அது வேண்டாம். ரோட் ஐலேண்ட் ரெட் என்று ஒரு சாதி, செங்கல் நிறம், சாது. குழந்தை தூக்கினால் தூக்கிக்கொள் என்று கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கும், பழுப்பு முட்டை, வாரத்துக்கு நாலைந்துக்குக் குறையாது. கிராமப்பிரியா என்று வீட்டுக் கொல்லைக்கென்றே உண்டாக்கின கோழி ஒன்று இருக்கிறது, அதுவும் நன்றாக வைக்கும். நம் சிறுவிடை நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அப்புறம் வாரக்கணக்கில் முட்டையைப் பற்றிப் பேச்சே கிடையாது. அதைக் குறை சொல்லக் கூடாது, தாயாவதுதான் அதன் வேலை. பெருவிடை என்கிற சண்டைச் சாதியும் உடம்பெல்லாம் கறுத்த கருங்கோழியும் பார்வைக்கு ராஜாக்கள். முட்டை என்று வந்தால் இரண்டும் கைவிரித்துவிடும்.

இவ்வளவு தெரிந்த நான் அன்றைக்கு என்ன வாங்கினேன் என்று உனக்கு நினைவிருக்கும். மந்தைவெளியில் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த வருடம், நீ ஒன்பதாம் வகுப்பு. மொட்டைமாடி நமக்கே என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீக்லி ஆஃப் வெள்ளிக்கிழமை விழுந்தது, பல்லாவரம் சந்தைக்குப் போனேன். கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் ஒரு பெருவிடைப் பெட்டை முன்னால் நின்றுவிட்டேன். என்ன கழுத்து, என்ன நிமிர்வு, போலீஸ்காரர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தது. அதில் இரண்டு, கருங்கோழியில் இரண்டு என்று வாங்கிப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தேன். விற்றவர் நல்ல மனிதர், "முட்டைக்குன்னா இது வேணாம் சார், அந்தச் செவப்ப எடுத்துக்கோங்க" என்று சொல்லத்தான் செய்தார். நான் கேட்டால்தானே. உன் அம்மா சத்துணவுக்கூட வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, கண்ணாடிப் பொட்டியில வெச்சு அழகு பாக்கறதுக்கா வாங்கினு வந்தே?" என்றாள். அடுத்த வாரம் அவளே யாரிடமோ சொல்லி ஒரு கோழி வாங்கிவந்தாள். கழுத்தில் ஒரு இறகு கிடையாது, சிவப்புத் தோல், தலை மட்டும் கொஞ்சம் முடி. நான் அதை மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் விடாதே, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார் என்றேன். அந்த மொட்டைக் கழுத்துதான் வெயிலில்கூட விடாமல் முட்டை வைத்தது. என் நாலு ராஜாக்களும் சேர்ந்து வைத்ததைவிட அது ஒன்று வைத்தது அதிகம்.

டீச்சர் மாமி நம் வாழ்க்கையில் வந்தது என் பஸ்ஸில்தான். தெப்பக்குளம் ஸ்டாப்பிங்கில் காலையில் ஏறுவார், முன்பக்க சீட், சரியான சில்லறை. பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். ரிட்டயர் ஆன பிறகும் எங்காவது பார்த்தால் நின்று பேசுவார். உனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று ஒரு நாள் பெருமையடித்தேன். "கொழந்தையை சாயங்காலம் அனுப்புங்கோ, நான் ஆத்துல சும்மாத்தான் இருக்கேன்" என்றார். மாட வீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கூடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்து நீ கணக்குப் படித்தாய். ஒரு காசு வாங்கவில்லை. "இவ என்ஜினீயரிங் போகலாம் கண்டக்டர், மேத்ஸ் குரூப்பை விட்டுடாதேங்கோ" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நீ வீட்டுக்கு வந்து சாக்பீஸால் மொட்டைமாடித் தரை முழுக்க முக்கோணம் போடுவாய், கோழிகள் அதன்மேல் நடந்து அழிக்கும், நீ அவற்றைத் திட்டுவாய்.

பிறகு அவர் வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தார், தினம் ஒரு முட்டை கட்டாயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் முட்டை என்ற வார்த்தையையே அதுவரை யாரும் சொன்னதில்லை. மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "மருந்துன்னு நெனச்சுண்டு குடுக்கப் போறேன். கடை முட்டை வேண்டாம், ஊசி போட்ட கோழிங்கறா. ஒங்காத்துக் கோழி முட்டை கெடைக்குமா?" என்று கேட்டார். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "தினமும் கிடைக்கும் மாமி, எங்க கோழிங்க அப்படி" என்றேன். தினமும் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வெள்ளிக்கிழமை நீங்கலாக வாரத்துக்கு ஆறு, நீ பாடத்துக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டும் என்று முடிவானது. கூடையில் முட்டையை வைத்து மேலே ஒரு கட்டு முளைக்கீரையைப் பரப்பி அனுப்புவாள் உன் அம்மா, தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதே. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல் பக்கத்தில் தனி ஸ்டவ், தனிப் பாத்திரம் வைத்து மாமி வேகவைப்பார் என்று நீ வந்து சொல்லுவாய்.

இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பெருவிடை இரண்டும் அடைக்கு உட்கார்ந்துவிட்டன, கருங்கோழிகள் இறகு உதிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. மொட்டைக் கழுத்து மட்டும் என்றைக்காவது ஒன்று வைத்தது. மழைக்காலத்தில் கோழி அப்படித்தான், இறகு முளைக்கவே அதற்குத் தெம்பு போதாது. மாமியிடம் போய், "மழைக்கு முட்டை நின்னுபோச்சு, ஒரு மாசம் பொறுங்க" என்று சொல்லியிருந்தால் அவர் சரி என்றிருப்பார். ஆனால் அழகு பார்த்து வாங்கி ஏமாந்தேன் என்று உன் அம்மாவிடம் ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றிருந்தவன், மாமியிடமா ஒத்துக்கொள்ளப் போகிறேன்? மார்க்கெட் பக்கத்துக் கடையில் ஆறு வெள்ளை முட்டை வாங்கினேன். காலை டியூட்டி முடிந்து இரண்டு மணிக்கு வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டீர்கள். டீத்தூளைக் கெட்டியாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்து அதில் முட்டையை ஊறப்போட்டேன். நல்ல பழுப்பு வந்தது. ஓட்டின் நிறத்துக்கும் உள்ளே இருக்கிற சத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதனால் இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே நாலு வாரம் செய்தேன்.

உனக்குத் தெரிந்திருந்தது. காலையில் கூட்டைத் திறந்து முட்டை எடுக்கிறவள் நீ. "இன்னைக்கும் ஒண்ணும் இல்ல நைனா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாய், சாயங்காலம் வந்தால் கூடையில் ஆறு முட்டை இருக்கும். கணக்கில் புலியான உனக்கு இந்தக் கணக்கா புரியாது? ஒரு நாள் பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் படிந்திருந்த கறையைப் பார்த்துவிட்டு, "மத்தியானம் டீ போட்டியா நைனா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ பாத்திரத்தை எடுத்துப்போய்த் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். உன்னை என் பொய்யைத் தூக்கிக்கொண்டு நடக்கவைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

வேறு யார் வீட்டிலாக இருந்தாலும் நான் மாட்டியிருக்க மாட்டேன். முட்டை வாங்கிப் பழகிய வீட்டில் தண்ணீரில் ஒரு அலசு அலசி உடைத்து ஊற்றிவிடுவார்கள். மாமிக்கு அது பழக்கமில்லாத பொருள், கோழியின் அடியிலிருந்து வந்தது, நோயாளிக்குக் கொடுக்கப் போவது. அதனால் பித்தளைச் செம்பைத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு முட்டையையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவதை வழக்கமாக வைத்திருந்தார். நாலு வாரம் முட்டை கழுவின தண்ணீர் ஏன் கலங்கலாகப் போகிறது என்று பார்க்கவில்லை, புளி நிறமாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அன்றைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் அனுப்பி நம் இரண்டு பேரையும் வரச் சொன்னார். என்ன ஏது என்று தெரியாமல் நான் வேட்டி மாற்றிக்கொண்டு வந்தேன், டிபன் கொடுப்பார்களோ என்றுகூட நினைத்தேன்.

துவைக்கிற கல்லின் மேல் ஆறு முட்டைகள் வரிசையாக இருந்தன. இரண்டு பால் வெள்ளை, இரண்டு திட்டுத் திட்டாக, இரண்டு பழுப்பு. மாமி கோபப்படவில்லை, அவர் முகம் ஏதோ அவரே தப்பு செய்துவிட்டதுபோல இருந்தது. "தேய்க்கத் தேய்க்க சாயம் விட்டுண்டே வர்றது. இது யார் பண்ணினா?" என்றார். நம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை, முட்டைகளைப் பார்த்துத்தான் கேட்டார். அந்தத் தெருவில் பாதிப் பேர் என் பஸ்ஸில் போகிறவர்கள். மயிலாப்பூர் முழுக்க என்னை நேர்மையான கண்டக்டர் என்று சொல்லுவார்கள், விட்டுப்போன பையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தவன். அந்தப் பேர் போய்விடும் என்று பயந்தேன். வாய் தானாகவே பேசியது. "சின்னப் பொண்ணு மாமி, கோழி முட்ட வெக்கலன்னு எனக்குத் தெரியாம இன்னாவோ பண்ணிக்கீது" என்றேன். சொன்னதோடு விட்டேனா? நான் சொன்னது உண்மை மாதிரித் தெரிய வேண்டும் என்று உன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். உன்னை அதற்கு முன்னாலும் அடித்ததில்லை, பின்னாலும் அடித்ததில்லை.

நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். மாமி, "நீயாடி செல்வி?" என்று கேட்டார். நீ இல்லை என்று சொல்லியிருக்கலாம், என்னைக் காட்டியிருக்கலாம். "ஆமா டீச்சர்" என்றாய். மாமி கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம், "கணக்குல தப்பு பண்ணினா அழிச்சுட்டுப் போட்டுக்கலாம். இது அந்த மாதிரி இல்லையேடி. நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கூடத்தில் உன் ரஃப் நோட்டு இருந்தது, நீ அதைப் போய் எடுத்துக்கொள்ளவில்லை. தெற்கு மாட வீதியில் நடக்கும்போது உனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். கன்னத்தில் விரல் பதிந்திருக்கிற பெண் பிள்ளைக்குச் சோடா வாங்கிக் கொடுக்கிற தகப்பன், என்ன ஜென்மம் பார். நீ ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். குடிக்காமல் வைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் குடித்தாய் என்பது எனக்கு அப்போதே தெரியும். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத நைனா, சண்ட போடும்" என்றாய்.

உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். சமையல்கட்டில் டீத்தூள் டப்பா காலியாவது அவளுக்குத் தெரியாமலா போகும். "நீ எல்லாம் ஒரு மனுசனாய்யா" என்று மட்டும் கேட்டாள், பத்து நாள் என்னோடு பேசவில்லை. மாமி வீட்டுக்குத் தானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியவளை நீதான் கையைப் பிடித்து நிறுத்தினாய், "எனக்குக் கணக்கே புடிக்கலம்மா, வுட்டுடு" என்று. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்தாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். இன்றைக்கு நல்ல ஆபீசில் இருக்கிறாய், நாலு பேரை வேலை வாங்குகிறாய், குறை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லித்தான் இத்தனை வருடம் மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நீ நன்றாக இருப்பது உன் சாமர்த்தியம், அதில் என் பங்கு ஒன்றும் கிடையாது. நீ என்னவாகியிருப்பாய் என்ற கேள்வியை உன்னிடமிருந்து பிடுங்கியதுதான் என் பங்கு.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன், அதை எழுதத்தான் கை வரவில்லை. முதலில் டிப்போவில், மாமி வீட்டு விஷயம் அங்கே யார் காதிலாவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று, நானே முந்திக்கொண்டு ஒரு சிரிப்புக் கதையாகச் சொன்னேன். "நம்ம பொண்ணு இருக்குதே, செம கேடிப்பா" என்று. சிரித்தார்கள். அப்புறம் கல்யாண வீடுகளில் சொன்னேன். உன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி வீட்டார் எதிரில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், புளி போட்டுத் தேய்த்த இடத்தில் மாமி மாதிரி பேசிக்கூடக் காட்டினேன். பந்தலே சிரித்தது, மாப்பிள்ளைக்கு உன்னைக் கிண்டல் செய்ய ஆயுள் முழுக்க ஒரு பெயர் கிடைத்தது. உன் அம்மா மட்டும் நான் அந்தக் கதையை ஆரம்பித்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கடைசிவரை ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. நீ உட்கார்ந்திருந்தாய். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாய்.

வியாழக்கிழமை மாமியைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியிருக்கிறார்கள், முதல் மாடியில் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் போய்ப் பல வருடம் ஆகிறதாம். என்னை அடையாளம் தெரிந்தது. "உக்காருங்கோ கண்டக்டர், செல்வி எப்படி இருக்கா?" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அறைந்தது உட்பட. மன்னிப்பார், அழுதுவிட்டு லேசாகி வீட்டுக்கு வரலாம் என்று ஏதோ கணக்குப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. மாமி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "எத்தனை வருஷம் வாத்தியாரா இருந்தேன். கொழந்தை பொய் சொன்னா எனக்குத் தெரியும்னு நெனச்சுண்டிருந்தேன். அவ மொகத்தைப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நான் முட்டையைத்தான் பாத்துண்டிருந்தேன்" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. "இதை இத்தனை நாள் கழிச்சு எங்கிட்ட கொண்டுவந்து வெக்கறேளே, நான் இதை வெச்சுண்டு என்ன பண்ணுவேன்? ஒண்ணும் பண்ணாத பொண்ணை வாசல்லேர்ந்து அனுப்பிருக்கேனே." என் பாரத்தை இறக்கி வைக்கப் போய் எண்பது வயதுக்காரர் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். கிளம்பும்போது, "அவளை ஒருதரம் வரச் சொல்லுங்கோ. வர இஷ்டமில்லேன்னா சொல்லட்டும், நான் ஆட்டோ வெச்சுண்டு பாலவாக்கம் வரேன்" என்றார். சொல்கிறேன் என்றேன், சொல்லிவிட்டேன். போவதும் போகாததும் உன் இஷ்டம். போ என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

கோழிக்கு வருகிறேன், குழந்தை காத்துக்கொண்டிருக்கும். செவப்பு ரோட் ஐலேண்டில் மூன்று வாங்கு, ஒரு மொட்டைக் கழுத்து கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள். யாழினி முதலில் ஐயே என்பாள், இரண்டு நாளில் பழகிவிடும். குஞ்சாக வாங்காதே, முட்டைக்கு வரப்போகிற பருவமாகப் பார்த்து வாங்கு. எல்லாம் ஒரே வயதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதைக் கொத்தி மூலையில் போட்டுவிடும். கண் தெளிவாக இருக்க வேண்டும், கொண்டை வெளிறியிருக்கக் கூடாது, மூக்கில் ஒழுகக் கூடாது. முட்டைக்குச் சேவல் தேவையில்லை, விடியற்காலையில் கூவி அக்கம்பக்கத்துப் பகையை ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும்? கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கிவந்து இடித்துப் போடு, ஓடு கெட்டியாக இருக்கும். மழைக்காலத்தில் முட்டை நின்றால் நின்றதுதான், யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. இல்லை என்று சொல்வது அவ்வளவு லேசு, செல்வி. இந்த வயதில்தான் எனக்கு அது தெரிகிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய், அதுதான் பயம். இதைப் படித்து முடித்ததும் நீ என்ன செய்வாய் என்றும் எனக்குத் தெரியும். மடித்துப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு, மாப்பிள்ளை யாரிடமிருந்து கடிதம் என்று கேட்டால், கோழி விஷயமா நைனா எழுதிக்கீறாரு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாய். நாளைக்கு யாழினி மறுபடியும் கேட்டால் மறுபடியும் ஆமாம் என்பாய். அதனால் இதே கடிதத்தை ஒரு வரி விடாமல் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுதி, மாப்பிள்ளை பேருக்கு அவர் ஆபீஸ் முகவரிக்குப் போட்டுவிட்டுத்தான் இதைத் தபாலில் சேர்க்கிறேன். இதை நீ படிக்கும்போது அவரும் படித்திருப்பார். இந்தத் தடவை எனக்காக நீ பொய் சொல்ல முடியாது.

உன் நைனா